சுகமில்லை என்று எழுதியவள்

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் யாரிடமும் போன் இருக்காது. வீடுகளிலிருந்து வரும் அழைப்பையெல்லாம் அலுவலகத்தில் உதயகலாதான் எடுப்பாள். 'ஊழியர் தொடர்பு முறை' என்று புதிய முகாமையாளர் ஒரு படிவம் அடித்துக் கொடுத்திருந்தார். மரணம் என்றால் உடனே சொல்ல வேண்டும். சுகவீனம் என்றால் மதிய இடைவேளையில் சொன்னால் போதும். மனிதருடைய துன்பத்தை இரண்டு கட்டத்துக்குள் அடக்கிவிட்ட கெட்டிக்காரர்!

அன்று காலை ஒன்பது பத்துக்கு அளவெட்டியிலிருந்து டிலக்ஷன் அழைத்தான். தையல் பகுதியில் வேலை செய்யும் தர்சினியின் தம்பி.

"அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. அக்காவை ஒருக்கா வரச்சொல்லுங்கோ."

வேலைத்தலத்துக்குப் போன் எடுத்து இப்படிச் சொன்னால், ஆள் கடுமை, சாகக் கிடக்கிறது, அல்லது முடிந்துவிட்டது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கெட்ட செய்தியை நாங்கள் ஒருநாளும் முழுதாகச் சொல்லமாட்டோம். உதயகலாவின் தகப்பன் போனபோதும் அவளுக்கு இப்படித்தான் சொன்னார்கள். ஆனாலும் "கடுமையோ தம்பி?" என்று கேட்க வாய் வரவில்லை. சுகவீனம் என்ற கட்டத்தில் சரி போட்டாள். அன்றைக்கே தைத்து அனுப்பவேண்டிய அவசர ஓடர் வேறு.

பன்னிரண்டரைக்குப் படிவத்தைத் தர்சினியிடம் கொடுத்தாள்; அழைப்பு வந்த நேரத்தைச் சொல்லவில்லை. தர்சினி பஸ் மாறி வீட்டுக்குப் போய்ச் சேர இரண்டரை. பதினொன்றரை வரை தாய் மகளைத் தேடித்தேடிக் கிடந்து கண்ணை மூடியிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று தர்சினி நேரே உதயகலாவிடம் வந்தாள்.

"அக்கா, நீங்களாவது போன் வந்த கையோடை சொன்னனீங்கள். உவன் தம்பி ஒன்பது மணிக்கே போன் எடுத்தவனாம். பச்சைப் பொய். மத்தியானம் வரைக்கும் என்னை மறந்துபோய் நிண்டிருக்கிறான்."

ஓம் என்று தலையாட்டினால் வேலையும் தப்பும், மானமும் தப்பும்.

"அவன் பொய் சொல்லேல்லை, பிள்ளை. ஒன்பது பத்துக்கு எடுத்தவன். நான்தான் சொல்லாமல் வைச்சிருந்தனான்."

தர்சினி கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கொள்ளி வைச்சிட்டு வந்து நிண்டவனை, இனி என்ரை முகத்திலை முழியாதை எண்டு சொல்லிப்போட்டனே அக்கா..."

உதயகலா தன் போனை எடுத்து நீட்டினாள். தர்சினி நம்பரை அழுத்தினாள். டிலக்ஷன் உடனே எடுத்தான்.

தர்சினியால் வாய் திறக்க முடியவில்லை. "ஆர் கதைக்கிறது?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான்.