பதினேழாவது கல்

"கையை மேசை மேலேயே வெச்சிக்க மாமா. மடிக்குக் கொண்டு போவாத."

தட்சிணாமூர்த்தி கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு அக்கா மகளை நிமிர்ந்து பார்த்தார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரே, வேர்க்கடலை குவிந்து கிடக்கும் மல்லாட்டை மண்டிக்குப் பக்கத்தில் அவருடைய வாட்ச் ரிப்பேர் கடை.

"இன்னாடி காந்திமதி, என்னையே சந்தேகப்படுறியா?"

"நான் படலை. எங்க மாமியார் படுறாங்க. கூடவே உக்காந்து பார்த்தேன்னு நான் சொல்லணும் இல்ல?"

"அப்ப நீ படலை?"

காந்திமதி அவர் விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை தேவநாதனுக்குப் போட்ட வாட்ச்தான் மேசை மேல் கிடந்தது. தாய்மாமன் சீராகத் தட்சிணாமூர்த்தியே வாங்கி, திறந்து எண்ணெய் விட்டு, மூடிக் கொடுத்தது. விழுப்புரத்துப் புகுந்த வீட்டுக்குப் போனதிலிருந்து தினமும் சாயங்காலமானால் நின்றுபோனது. மாமியார் அஞ்சம்மாள் அதை ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், மூடியைத் திறக்கச் சொல்லி, சக்கரங்கள் தேயாமல் சுழல உள்ளே பதித்திருந்த சிவப்புக் கல்லை விரல் விட்டு எண்ணினாள். முகப்பில் பதினேழு கல் என்று போட்டிருந்தது. உள்ளே ஆறுதான் இருந்தது.

ரிப்பேருக்குக் கொடுத்தால் கல்லை எடுத்துவிடுவார்கள் என்று ஊரே பேசிய காலம். இங்கே பெண்ணின் மாமனே ரிப்பேர்காரர். கேட்க வேண்டுமா?

"மீதி பதினொரு கல்லோட வர்றதா இருந்தா வா. இல்லைன்னா அங்கயே இரு" என்று வாட்சையும் துணிப்பையையும் கையில் கொடுத்து மருமகளைப் பஸ் ஏற்றிவிட்டாள் அஞ்சம்மாள். தேவநாதன் பஸ் வரைக்கும் வந்தான். வாய் மட்டும் திறக்கவில்லை.

"பின்பக்கமாப் பார்த்தா ஆறுதாண்டி தெரியும்" என்றார் தட்சிணாமூர்த்தி. "முகப்புக்கு அடியில ஆறு இருக்குது. நடுவுல அஞ்சு."

"திறந்து காட்டினா போதாதா?"

"காட்டலாம். காட்டும்போது வெச்சான், மூடும்போது எடுத்தான்னு சொன்னா?"

"சொல்லுவாங்க. கட்டாயம் சொல்லுவாங்க."

"அதான் சொல்றேன். மூடினபடியே தெரியணும்."

மேசை மேல் சாக்பீசால் வட்டம் போட்டு விளக்கினார். பின்மூடியின் நடுவை அறுத்து எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் கண்ணாடி. முகப்புத் தகட்டில் நம்பர் இருக்கிற வளையத்தை மட்டும் விட்டுவிட்டு நடுவெல்லாம் காலி. உள்ளே குறுக்கே ஓடும் தகட்டிலும் ஓட்டை போட்டால் ஒளிந்திருக்கும் கல்லும் தெரியும்.

"இவ்ளோ குடைஞ்சா ஓடுமா மாமா?"

"தெரியலை."

"தெரியலையா!"

"இப்பிடி ஒரு வாட்ச் கேட்டு இதுக்கு முன்னால எவனும் வரலையேடி."

"ஓடலைன்னா நான் இங்கயேதான் கிடக்கணும், ஞாபகம் வெச்சிக்க."

நூல் மாதிரி மெல்லிய ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும் டப்பியின் மூடியில் அவர் ஓட்டை போட்டபோது காந்திமதி குறுக்கே கேட்டாள்.

"அதுல கல்லு இல்லையே. அதை ஏன் அறுக்கிற?"

"நாளைக்கு ஸ்பிரிங்கைக் காணோம்னு உங்க அத்தை சொல்லமாட்டாங்களா?"

அது சரிதான் என்று பட்டது அவளுக்கு.

"செத்த இரு, டீ வாங்கியாரேன்."

"ரெண்டு பேருமே போலாம் மாமா. வாட்சை நான் எடுத்துக்கிறேன்."

திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் காந்திமதி துள்ளி எழுந்தாள்.

"அது இன்னா கீழ விழுந்தது? சிவப்பா!"

"மல்லாட்டைத் தோலு. மண்டியிலருந்து பறந்து வருது."

அவள் குனிந்து எடுத்தாள். அவருடைய லென்ஸையே வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். மல்லாட்டைத் தோல்தான். அதற்குப் பிறகு வேலை முடிகிற மட்டும் தட்சிணாமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாட்ச் ஓடியது. மறுநாள் காலையில் முழுசாகச் சாவி கொடுத்து, ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்து, அதற்கடுத்த நாள் இருவரும் விழுப்புரம் பஸ் பிடித்தார்கள்.

அஞ்சம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"பை அப்பிடியே படியில இருக்கட்டும். முதல்ல வாட்சைக் குடு."

"நல்லா எண்ணிப் பாருங்க சம்மந்திம்மா" என்று தட்சிணாமூர்த்தி லென்ஸை நீட்டினார்.

"இது இன்னா, தோலை உரிச்ச கோழி மாதிரி இருக்குது!"

முன்பக்கம் ஆறு. பின்பக்கம் ஆறு. கல்லுக்கு அடியில் கல்லாக இரண்டு, ஓட்டை வழியே இரண்டு என்று அவர் காட்டக் காட்ட எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"பதினாறுதான்."

"இன்னொண்ணு அதோ ஆடுதே ஒரு சக்கரம், அதுல ஒட்டிக்கினு ஆடுதும்மா. ஓடும்போது கண்ணுக்கு அகப்படாது."

"அப்ப நிறுத்து."

"மூடியைத் திறந்து ஊசியால பிடிச்சாத்தான் நிக்கும்."

"திறக்கிற வேலையே வேணாம்! திறந்தா ஒண்ணைச் சொருகிடுவீங்க. தானா நிக்கட்டும். அது வரைக்கும் பையும் படியில இருக்கட்டும், அவளும் இருக்கட்டும்."

"சாயங்காலத்துக்கு மேல ஆவும். நேத்து காலையில குடுத்த சாவி."

கதவோரம் நின்றிருந்த தேவநாதன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"நேத்து குடுத்த சாவியா மாமா? எங்கிட்ட இருக்கும்போது காலையில குடுத்தா சாயங்காலமே நின்னுடுமே."

"எத்தினி சுத்து குடுப்பீங்க மாப்பிள்ளை?"

"நாலு."

"நாலா!"

"அதுக்கு மேல குடுத்தா ஸ்பிரிங் அறுந்துடும்னு அம்மாதான்…"

"ஆமா, சொன்னேன்!" என்றாள் அஞ்சம்மாள். "எங்க அண்ணன் கடிகாரம் அப்பிடித்தான் அறுந்துச்சு. புது வாட்ச், பத்திரமா இருக்கட்டும்னு சொன்னா தப்பா?"

தட்சிணாமூர்த்தி ஏதோ சொல்ல வந்தார்.

"நீ இரு மாமா" என்ற காந்திமதி மாமியார் கையிலிருந்து வாட்சை வாங்கினாள். எல்லாருக்கும் தெரிகிறபடி பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சாவி கொடுத்தாள்.

"ரெண்டு… மூணு… நாலு! போதும்டி!" என்று கத்தினாள் அஞ்சம்மாள்.

காந்திமதி நிறுத்தவில்லை. கண்ணாடிக்குள்ளே தளர்ந்து கிடந்த சுருள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒடுங்கி ஒடுங்கிப் போனது.

"அறுந்துடப் போவுது! டேய் தேவநாதா, பிடுங்குடா!"

தேவநாதன் பிடுங்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு சுருளையே பார்த்தான். அஞ்சம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சாவி தானே முட்டி நின்றது.

"கண்ணைத் திறங்க அத்தை. அறுந்துச்சா, பாருங்க."

அஞ்சம்மாள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். வாட்ச் முன்னைவிட ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"முழுசாக் குடுத்துட்டியே. இனிமே எப்ப நிக்கிறது? பதினேழாவதை எப்ப எண்ணுறது?"

"நிக்காது. இனிமே தினம் காலையில நான்தான் சாவி குடுப்பேன். நிக்காம ஓடுச்சுன்னா அந்தக் கல்லு இருக்குதுன்னு அர்த்தம். அது இல்லைன்னா வாட்சே ஓடாது அத்தை."

"யாரு சொன்னது?"

"மாமா."

"அவர் சொன்னா நீ நம்புறியா?"

காந்திமதி திரும்பி தட்சிணாமூர்த்தியைப் பார்த்தாள்.

"நம்புறேன்."

தேவநாதன் படியில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அம்மாவைக் கேட்கவில்லை.

அஞ்சம்மாள் உள்ளே போய்க் கண்மை டப்பியோடு வந்தாள்.

"குடு இப்பிடி. வயித்தைத் திறந்து காட்டிக்கினு தெருவுல போனா கண்ணு பட்டுடாதா?"

பின்பக்கக் கண்ணாடியில் நல்ல பெரிசாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். எட்டப் பிடித்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"இந்தப் பொட்டுக்கு அடியில ஒரு கல்லு இருந்துச்சே."

"இருக்குது அத்தை."

"இப்ப தெரியலையே?"

"நீங்கதானே மறைச்சீங்க."

அஞ்சம்மாள் வாட்சைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கடைசியாகச் சம்மந்தியைப் பார்த்தாள். தட்சிணாமூர்த்தி யாரும் கேட்காமலே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.