ஜெயசீலியின் நித்திரை

மாதர் சங்கத்து மெட்டில்டா அக்கா கேட்டே விட்டாள். அதிகாலை ஜெபம் முடிந்து, தாம்பரம் கோயில் வாசலில் எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம்.

"தனசிங், லெந்து நோன்பு நாள் பாதி போயாச்சு. உன் பொண்டாட்டி ஒரு நாள்கூடத் தலைகாட்டலியே? எங்கே அவ?"

தனசிங்குக்குக் காது சூடேறியது. மனைவி ஜெயசீலி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். விடிந்த பிறகும் தூங்குவாள். அதை எப்படிச் சொல்வது? வாலிபர் கூட்டத்தில் சோம்பலைக் கண்டித்துப் பேசிக் கைதட்டு வாங்கியவனே அவன்தான்.

தூக்கம் டாக்டரின் உத்தரவு. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து ஜெயசீலிக்குத் தீராத இடுப்பு வலி. டீச்சர் வேலைக்கு நீண்ட லீவு. தைலம், மாத்திரை, பெல்ட் எதற்கும் கேட்கவில்லை. குரோம்பேட்டைக்குப் புதிதாக வந்த டாக்டர்தான், "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

"வலி தூக்கத்தைக் கெடுக்குது. கெட்ட தூக்கம் வலியை ஏத்துது. முதல்ல தூக்கத்தைச் சரி பண்ணுவோம். தினம் ஒரே நேரத்துல படுங்க. சாயங்காலத்துக்கு மேல காபி வேண்டாம். முழங்காலுக்கு அடியில தலகாணி. காலையில ஏழு மணி வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது."

அப்படியே செய்தார்கள். வலி ஓடிவிடவில்லை. ஆனால் ஜெயசீலி தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். போன வாரம் உட்கார்ந்து தோழியின் பரீட்சைப் பேப்பரைக்கூடத் திருத்திக் கொடுத்தாள். "ஜூன்ல ஸ்கூலுக்குப் போயிடுவேங்க" என்றாள்.

இதைச் சொல்லியிருக்கலாம். 'தூங்குகிறாள்' என்று சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சம் கௌரவமாக ஒன்றைத் தேடினான். தலை தானாகக் குனிந்தது.

"ஜெயசீலி... நித்திரை, அக்கா."

சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டான்.

சபையில் அந்த வார்த்தைக்குக் கல்லறைக் கல்லில் இருக்கிற அர்த்தம்தான்: இறந்துபோனார்.

வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கோயில் மணி விட்டுவிட்டு அடித்தது. துக்க மணி. 'யாரோ, பாவம்' என்று நினைத்தான். உள்ளே ஜெயசீலி புரண்டு முனகினாள். பால் பொங்குவதற்குள் வாசலில் ஓவென்று அழுகை.

வெள்ளைப் பூவோடு மெட்டில்டா. பின்னால் மாதர் சங்கம். மணியடிக்கும் ஞானையா, சவப்பெட்டிக்கு அளவெடுக்க நூல்கண்டோடு வந்திருந்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி கலைந்து, ஜெயசீலி வெளியே வந்தாள்.

"யாரு போயிட்டாங்க, அக்கா?"

"இயேசுவே!" முன்னால் நின்ற இரண்டு பேர் படியிலிருந்து குதித்தே விட்டார்கள்.

"நீதாண்டி!" என்றாள் மெட்டில்டா, மூச்சு வாங்க. "உன் புருஷன்தான் நித்திரைன்னு தலையைத் தொங்கப் போட்டான்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெயசீலி சிரிக்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"தூங்குறாள்னு சொல்ல வெட்கம். செத்துட்டாள்னு சொல்ல வெட்கமில்லே. அப்படித்தானேங்க?"

தனசிங் பொங்கிய பாலை இறக்க உள்ளே ஓடினான்.

தூக்கம் கெட்டதில் வலி ஏறி, அன்று முழுவதும் அவளால் உட்கார முடியவில்லை. முழங்காலுக்கு அடியில் தலகாணி வைக்க அவன் போனபோது, "நானே வச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஜெபம் முடிந்ததும், யாரும் கேட்காமலே அவன் எழுந்து நின்றான்.

"ஜெயசீலி தூங்குறா. இடுப்பு வலிக்கு அதுதான் மருந்து. விடிஞ்சும் தூங்குவா. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, நேத்து அவ தூக்கத்தையே கெடுத்துட்டேன். தயவுசெஞ்சு யாரும்... எழுப்பாதீங்க."

கடைசி வரிசையிலிருந்து ஞானையா கையைத் தூக்கினார்.

"சார், நாளையிலேர்ந்து காலை மணியை மெதுவா அடிக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தனசிங் தலைநிமிராமலே, "அடிங்க அண்ணே" என்றான்.