துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் கூடத்தில் காப்பிக் கோப்பைகளோடு நின்றிருக்க, கோரின் தன் தம்பி டாரிலை உள்ளறைக்கு இழுத்துப் போய் அவன் கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். சாவிக்கொத்து, சிகரெட், தேவாலயத்தில் கொடுத்த, அண்ணன் வெண்டலின் படம் போட்ட அட்டை. உள்பையில் ஒரு மிட்டாய் டப்பா. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். மிட்டாய் அப்படிச் சத்தம் போடாது.

"அக்கா, இது உன் ஆஸ்பத்திரி இல்ல. அண்ணனப் பொதைச்சிட்டு வந்து நிக்கிறோம்."

"அதனாலதான் தேடுறேன்."

அமெரிக்க எல்லைக்குத் தெற்கே, மெக்சிகோவில் கடலைப் பார்த்திருந்த ஒரு சிறு மருத்துவமனையில் கோரின் நர்ஸ். ஹெராயினிலும் வலி மாத்திரையிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கு அங்கே ஐபோகேன் கொடுப்பார்கள். ஆப்பிரிக்க வேர்ப்பட்டையிலிருந்து எடுக்கும் மருந்து. வாழ்ந்த வாழ்க்கையைக் கண்முன் ஓட்டிக் காட்டும், பலருக்குப் போதை வெறியைத் தணித்தும் விடும். கூடவே இதயத்தையும் தடுமாற வைக்கும். அதனால் வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பையைக் கவிழ்ப்பாள். இ.சி.ஜி. எடுப்பாள். கடைசியாக என்ன போட்டாய் என்று கேட்பாள். பதிலை நம்பாமல் சிறுநீரையும் சோதிப்பாள். மருந்து உள்ளே போனபின் நெஞ்சிலிருந்து ஒயரைக் கழற்ற விடமாட்டாள், பக்கத்தில் ஒருவர் கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அழுது பார்த்தவர்கள், பணத்தை நீட்டியவர்கள் எல்லோரிடமும் அன்பாகத்தான் பேசுவாள். விதியை மட்டும் தளர்த்தமாட்டாள். அதில் அவளுக்குக் கர்வமே உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கர்வத்தால் பிழைத்தவர்கள் நிறைய.

சொந்த அண்ணனையும் அவள்தான் திருப்பி அனுப்பினாள். எண்ணெய்க் கிணற்று வேலையில் வெண்டலின் முதுகு போனது. வலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரை அவனை விழுங்கிவிட்டது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்குத் தயாராக இதயம் எடுக்கும் நேரம் அவனுக்கு நீளமாக இருந்தது. அப்படிப்பட்ட இதயத்துக்கு இந்த மருந்து கூடாது என்று டாக்டர் மறுத்தார், கோரினும் மறுத்தாள். "நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை இருக்குண்ணா, உனக்கு அதான் சரி. மெதுவா வெளிய வரலாம்" என்றாள். "தங்கச்சி பரிமாறுற பந்தியிலயே எனக்கு எல இல்லயா?" என்று சிரித்துவிட்டுக் காரை எடுத்தவன், பாலைவனத்தில் எவனோ வாடகை வீட்டில் கொடுத்த அதே மருந்தைச் சாப்பிட்டுச் செத்தான். கொடுத்தவனைப் போலீஸ் தேடிக்கொண்டிருக்கிறது.

அம்மா நாடீன் அன்றிலிருந்து கோரினிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசியிருந்தாள். "உன் கண்ணு முன்னாடி படுத்திருந்தா எம்புள்ள செத்திருக்க மாட்டான்." தான் செய்தது சரி என்பதில் கோரினுக்குத் துளியும் சந்தேகமில்லை. இருந்தும் அந்தச் சொல் வலித்தது, சாப்பிடும்போதும் வலித்தது.

"அவன்கூட நீயும் போனியா?" டப்பாவைத் திறந்தபடியே கேட்டாள். உள்ளே பொடி அடைத்த கேப்சூல்கள்.

டாரில் முகத்தில் ஈயாடவில்லை. "கையப் புடிச்சிட்டு நாந்தான் ஒக்காந்திருந்தேன்."

"ஒயரு? மெஷினு?"

"மெழுகுவத்தி இருந்துச்சு. மேளம் இருந்துச்சு. வாந்தியெடுக்க வாளி இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினான். "ரொம்ப நேரம் பொரண்டுட்டே இருந்தான்க்கா. அப்பறம் அமைதியாயிட்டான். ஆழமா உள்ள போயிட்டான், தொடாத, எழுப்பாதன்னான் அந்தாளு. நான் சந்தோசப்பட்டேன். பாவி, நெசமாவே சந்தோசப்பட்டேன்."

கோரின் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். டப்பாவைக் காட்டி, "இதுக்கப்பறமும் இத வச்சிருக்க" என்றாள்.

"அந்தாளு குடுத்ததுல என் பங்கு. இன்னிக்குப் போடலாம்னு இருந்தேன். எனக்குச் சின்ன வயசு, வெண்டலு மாதிரி ஒண்ணும் ஆவாது. இதுவும் இல்லன்னா திரும்ப அதே சாக்கடதான்க்கா."

"சட்டையக் கழட்டு."

"இங்கயா? வெளிய பாஸ்டர் நிக்கிறாரு!"

"அவரு பன்றிக்கறி சாப்பிட வந்திருக்காரு, உன் நெஞ்சப் பாக்க வரல. கழட்டு."

மருத்துவமனையின் கைப்பெட்டி அளவு இ.சி.ஜி. மெஷினைத் தம்பியை நினைத்தே கொண்டுவந்திருந்தாள். கட்டிலில் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர் ஒட்டிகளை ஒட்டினாள். காகிதம் கிறுகிறுவென்று வெளியே வந்தது. ஒரு முறை பார்த்தாள். திரும்ப எடுத்தாள். இரண்டையும் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். பதில் வருவதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணனுக்கு இருந்த அதே நீளம், டாரில். இது பரம்பரையா ரத்தத்துல வர்றது. இன்னிக்கு அதப் போட்டிருந்தா அடுத்த வாரம் நாங்க திரும்பக் கறுப்புச் சட்ட போட்டிருப்போம்."

டாரில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப எனக்கும் கதவு சாத்தியாச்சா?"

"அந்தக் கதவு சாத்தியாச்சு, நல்லா சாத்தியாச்சு. இன்னொண்ணு இந்த ஊர்லயே தெறந்திருக்கு. நாளைக்கு உன் காதப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவேன். மொதல்ல இதயத்துக்கு டாக்டர், அப்பறம் அந்த நாக்குக்கடி மாத்திர. நீ பொழப்ப. எனக்குத் தெரியும்."

அவன் எழுந்து ஒயர்களோடேயே கையை நீட்டினான். டப்பாவைக் கொடுக்கலாமா என்று அவள் யோசிக்கவில்லை. கொடுத்தாள், ஒயர்களையும் கழற்றிவிட்டாள். அறையை ஒட்டிய கழிவறையில் ஃப்ளஷ் இழுக்கும் சத்தம் கேட்டது. காலி டப்பாவோடு வந்தவன் அறை வாசலைப் பார்த்து நின்றுவிட்டான்.

கையில் உணவுத் தட்டோடு அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, மேலே சீஸ் உறைந்திருந்தது.

"வெண்டலுக்கும் இந்த மாதிரிதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"உன் கண்ணு முன்னாடி படுத்திருந்தாலும்...?"

"என் கண்ணு முன்னாடியே போயிருந்தாலும் போயிருப்பான்மா."

நாடீன் தட்டை மேசைமேல் வைத்தாள். "எங்கண்ணன் ஆத்துல குளிக்கையில போனான்" என்றாள் ஜன்னலைப் பார்த்து. "நல்லா நீந்துவான். எப்பிடி முழுகுனான்னு எங்கம்மா சாவற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா."

கூடத்தில் யாரோ நாடீனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு முத்துமாலையைக் கழற்றி டாரிலிடம் கொடுத்தாள். ஷூவைக் கழற்றினாள். அவன் படுத்திருந்த இடத்தில் படுத்துக் கறுப்புச் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தாள்.

கோரின் புது ஒட்டி ஒன்றைப் பிரித்தாள். சில்லென்று இருந்தது. அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே, சூடேறும் வரை வைத்துக்கொண்டாள்.