பட்டாணி அளவு மேடு

திருவாரூரிலிருந்து காரைமங்கலம் வரைக்கும் பஸ்ஸின் கடைசி சீட்டில் அந்தப் பொதியைக் குறுக்கே கிடத்தி, பள்ளம் வரும்போதெல்லாம் அதன் அடியில் தன் இரண்டு தொடைகளையும் மெத்தையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார் ஜெக்கரியா. வைக்கோல் சுற்றிச் சாக்கில் தைத்த பொதி.

“உள்ள என்ன பாய், புதுப்பொண்ணா?” என்றார் கண்டக்டர்.

“புதுப்பொண்ணுன்னா இடிச்சா ஒரு வார்த்தையாவது திட்டும். இது சொல்லாம கொள்ளாமப் போயிடும்யா. டிரைவரைப் பாத்து ஓட்டச் சொல்லு.”

உள்ளே இருந்தது, மிராசுதார் கோதண்டபாணியின் ப்ளிமத் காருக்கான முன்பக்கக் கண்ணாடி. ஐம்பத்து மூன்றாம் வருஷத்து வண்டி. சென்னை புதுப்பேட்டையை இரண்டு நாள் சலித்து, லாரியில் மோதி உயிரை விட்ட இன்னொரு ப்ளிமத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. இதை விட்டால் வேறு கிடையாது என்றான் விற்றவன். நாகூர்க் கடைவீதியில் பிறந்து வளர்ந்த ஜெக்கரியாவுக்கு, வியாபாரி ‘கடைசி’ என்று சொன்னால் உள்ளே இன்னும் நாலு இருக்கும் என்று தெரியும். அதனால் உள்ளே போய்ப் பார்த்தார். அந்தப் பாவி இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தான்.

மிராசுதார் வீட்டுக் கேட்டில் ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை.

“பாய், நான் வீரையன் பொஞ்சாதி அம்சம். காருல கல்லெறிஞ்சான்னு நேத்து எம்புருஷனைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் நாகப்பட்டினம் கோர்ட்டுக்குக் கொண்டுட்டுப் போறாங்களாம். நீங்க கையெழுத்துப் போட்டா அவரு ஜெயிலுக்குத்தானாம்.”

“நான் கண்ணாடி மாட்ட வந்தவம்மா. எதுல கையெழுத்து?”

“உள்ள போங்க. பேனாவோட ஒக்காந்திருக்காரு.”

பேனாவோடு உட்கார்ந்திருந்தவர் ஏட்டு. பக்கத்தில் ஸ்டூலில், துண்டுக்கு நடுவே சாமி சிலை மாதிரி ஒரு கருங்கல். மிராசுதார் வெள்ளை வேட்டி சட்டையில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கொட்டகைக்கும் காருக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“வாங்க பாய். மூணு மணிக்குத் தாலுக்கா ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. தாசில்தார் முன்னாடி நான் கார்ல போய் எறங்கணும். ஒடைஞ்ச கண்ணாடி டிக்கியில வரணும். இந்தக் கல்லும் வரணும். அப்பறம் கூலியைப் பத்தி எவன் வாயைத் தொறக்குறான்னு பாப்பம்.”

விவசாயக் கூலிச் சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காரைமங்கலத்துக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. அந்தக் கூலியைத்தான் களத்தில் அளக்கச் சொல்லி, நாலு நாளுக்கு முன்னால் உச்சி வெயிலில் இருபது பேர் மதகடியில் காரை மறித்திருக்கிறார்கள். மிராசுதார் இறங்கி, முடிந்த மட்டும் கத்திவிட்டுத் திரும்ப ஏறினார். சட்டென்று ஒரு சத்தம். கண்ணாடி குறுக்கே விரிந்தது. எல்லாருக்கும் முன்னால் நின்றவன் வீரையன்.

ஜெக்கரியா கல்லைப் புரட்டிப் பார்த்தார். “ஏட்டையா, இந்தப் பக்கத்து வண்டல்ல ஒரு ஆள் ஆழம் தோண்டினாலும் கல்லு கெடைக்காது. அம்மியையே வெளியூர்லேர்ந்து வண்டி கட்டிக் கொண்டாறோம். இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“ரோட்டு ஜல்லி பாய். நீங்க வேலையைப் பாருங்க. கல்லடியால ஒடைஞ்சதுன்னு மகஜர் எழுதியாச்சு. தொழில் தெரிஞ்சவர் கையெழுத்துதான் பாக்கி.”

“கழட்டிப் பாக்காம கையெழுத்துப் போட்டா தொழில் தெரிஞ்சவன்னு எப்படிச் சொல்லுவீங்க?”

அவர் காரிடம் போனார். உடைந்த கண்ணாடியை விரல் நுனியால் ஒரு முறை முழுக்கத் தடவினார். இது இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு தோல் வைத்து ஒட்டிய கண்ணாடி. கல் பட்டால் பட்ட இடத்தில் ஒரு குழி விழுந்து, அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி தெறிக்கும். குழியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இடதுபக்கக் கீழ்மூலையில் புறப்பட்ட ஒற்றைக் கீறல், ஆறு மாதிரி வளைந்து, மேலே போய் இரண்டு வாய்க்காலாகப் பிரிந்திருந்தது.

டிரைவர் கண்ணுசாமியை உள்ளே மல்லாக்கப் படுத்துக் கால்களால் மெல்லத் தள்ளச் சொல்லிவிட்டு, வெளியே மரக்கட்டையால் ரப்பரின் உதட்டை நெம்பினார். காய்ந்த பனஞ்சுளை மாதிரி விறைத்துப்போன ரப்பர். முக்கால் மணி நேரம் கெஞ்சவைத்து, கடைசியில் கண்ணாடி கையோடு வந்தது. வெறும் சட்டத்தின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் இடது கீழ்மூலையில் நின்றார்.

பட்டாணி அளவு ஒரு மேடு. பற்றவைத்தவன் உருக்கி விட்டுவிட்டுப் போன இரும்புச் சொட்டு.

“கண்ணுசாமி, இந்த மூலையை யாரு பத்தவச்சது?”

கண்ணுசாமி மிராசுதாரைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னான். “போன மாசம் வண்டி வாய்க்கால்ல எறங்கி மூலை நசுங்கிடுச்சு. ரைஸ் மில்லுல குழாய் ஒட்டுற ஆளுதான் ஒட்டினான். ஐயா அவன்கிட்டதான் கொடுக்கச் சொன்னாரு.”

“அந்தக் குழாயில கஞ்சி ஒழுகாம இருந்தாச் சரி.” ஜெக்கரியா கையைத் துடைத்துக்கொண்டு மிராசுதாரிடம் போனார். “ஐயா, மூலையில ஒரு மேடு நிக்குது. அதுதான் கண்ணாடியை இத்தனை நாளாக் கடிச்சிருக்கு. அரம் போட்டுத் தேய்ச்சுடறேன். பத்து நிமிஷ வேலை.”

“என்னது கடிச்சிருக்கு? கல்லு ஒடைச்சிருக்கு.”

“கல்லாவே இருந்துட்டுப் போவட்டுங்க. மேட்டை எடுக்காம புதுசை மாட்டினா அதுவும் போயிடும். இன்னொண்ணு கெடைக்காது.”

கோதண்டபாணி அவர் தோளில் கை போட்டு நாலடி தள்ளி அழைத்துப்போனார். “பாய், ஏட்டு ஒக்காந்திருக்காரு. அவர் கண்ணு முன்னால நீங்க அரத்தை எடுத்தா, ஏன் தேய்க்கிறீங்கம்பாரு. நீங்க ஒண்ணு சொல்லுவீங்க. வீரையன் நாளைக்கே வெளிய வந்து மதகடியில மால போட்டுக்குவான். அரம் வேணாம்.”

“ஏட்டையா டீ குடிக்கப் போவட்டுமே, அப்ப தேய்க்கறேன்.”

“வெளிய அந்தப் பொம்பளை நிக்குறா. அரச் சத்தம் தெருவுக்கே கேக்கும். அப்படியே மாட்டுங்க. என் மச்சினன் பஸ் கம்பெனியில ஒம்பது வண்டி ஓடுது. மாட்டிட்டுக் கையெழுத்தைப் போடுங்க, அத்தனை வேலையும் இனிமே உங்களுதுதான்.”

ஒன்பது பஸ். ஜெக்கரியா மனசுக்குள் ஒரு முறை எல்லாவற்றுக்கும் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மாட்டிய கண்ணாடி ஒன்றுகூடத் தானாக உடைந்ததில்லை. ‘ஜெக்கரியா மாட்டினது’ என்றால் நாகூரிலிருந்து சீர்காழி வரை அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பேரைப் பட்டாணி அளவு இரும்பு வந்து முழுங்கப் போகிறது. வேலையை விட்டுவிட்டுப் போகலாம். போனால் மில் குழாய் ஒட்டுகிறவனே கண்ணாடியையும் மாட்டுவான், கையெழுத்தும் போடுவான்.

“சரிங்க. மாட்டறேன். மாட்டி முடிச்சு, வண்டி கௌம்புற நேரத்துல கையெழுத்து. வேலை முடியாம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல.” பிறகு ஏட்டுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். “மூலையில மேடு இருக்குன்னு சொல்லிட்டேன். தேய்க்கணும்னு கேட்டேன். ஐயா வேணாம்னுட்டாரு. அப்பறம் எம்மேல பழி வரக்கூடாது.”

“ஆமாய்யா, நான்தான் வேணாம்னேன்! மாட்டித் தொலை!” என்று கத்தினார் மிராசுதார். மரியாதை ‘ங்க’ எல்லாம் மணி ஒன்றரையோடு முடிந்துபோயிருந்தது.

புது ரப்பரைக் கண்ணாடிக்குப் பூட்டி, அதன் பள்ளத்தில் சுற்றிவரக் கயிறு கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவி, சட்டத்தில் வைத்தார். வெளியே நின்று கண்ணுசாமி உள்ளங்கையால் அழுத்த, உள்ளே உட்கார்ந்து ஜெக்கரியா கயிற்றை இழுத்தார். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டே வந்தது. இடது மூலையில் மட்டும் விழவில்லை. தண்ணீர் விட்டார். திட்டினார். தட்டினார். மறுபடி முழுசையும் கழற்றி, மறுபடி கயிறு கொடுத்தார். ரப்பர் ஏறியது; கண்ணாடி அந்த மூலையில் நூல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. தாடியிலிருந்து வியர்வை சொட்டியது. நாகூரில் கடை வைத்திருக்கிற அவர் தம்பிமார் இந்நேரம் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள்.

“ஐயா, கடைசியாக் கேக்கறேன். பத்து நிமிஷம்.”

“மணி ரெண்டே கால்!” கொட்டகை நிழலிலிருந்து கார் வெளியே தள்ளப்பட்டது. கண்ணாடி மேல் வெயில் அப்படியே விழுந்தது. கல்லையும் பழைய கண்ணாடியையும் டிக்கியில் ஏற்றினார்கள். ஏட்டு மகஜரையும் பேனாவையும் நீட்டியபடி வந்தார்.

“வண்டி கௌம்பட்டும்” என்றார் ஜெக்கரியா. “ஐயா, கதவை மட்டும் மெல்லச் சாத்துங்க.”

“மெல்லச் சாத்தினா மூடாதுய்யா இது!” கோதண்டபாணி ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் கதவை அறைந்தார்.

சட்.

இடது கீழ்மூலையிலிருந்து ஒற்றைக் கீறல் புறப்பட்டு, அவசரமே இல்லாமல், எல்லாரும் பார்க்கப் பார்க்க வளைந்து மேலே போய் இரண்டாகப் பிரிந்தது.

“எவண்டா கல்லெ...” என்று ஆரம்பித்தார் மிராசுதார். எதிரே ஏட்டு நின்றார், கையில் பேனாவுடன். கேட்டுக்கு வெளியே அம்சம் நின்றாள், இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு. வேறு யாரும் இல்லை.

கண்ணுசாமியின் வாய் அவனையும் மீறித் திறந்துகொண்டது. “அன்னிக்கும் இப்படித்தான் ஐயா கதவை அறைஞ்சீங்க.”

ஏட்டு கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தார். டிக்கியைத் திறந்து பழைய கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். மகஜரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ஐயா, இதை நான் கோர்ட்டுக்குக் கொண்டுட்டுப் போனா என் சட்டையைக் கழட்டிருவாங்க. ஆளை விட்டுர்றேன். பேச்சுவார்த்தையை நீங்க பேசிக்குங்க.”

அவர் சைக்கிளை எடுத்தார். பின்னாலேயே அம்சம் குழந்தையோடு ஓடினாள். கேட்டைத் தாண்டியதும் ஒரு தரம் நின்று திரும்பி ஜெக்கரியாவைப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடினாள்.

மிராசுதார் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். “வேணும்னே செஞ்சியாய்யா?”

“மூணு தடவை தேய்க்கறேன்னு கேட்டேனே ஐயா!” ஜெக்கரியா கீறலை விரலால் தொட்டார். “மூணாவது தடவையாவது நீங்க சரின்னிருந்தீங்கன்னா இந்நேரம் கண்ணாடி இருந்திருக்கும். கையெழுத்தை எப்படியும் போட்டிருக்க மாட்டேன், அது வேற. ஆனா கண்ணாடி இருந்திருக்கும்! மெட்ராஸ் முழுக்க ஒண்ணே ஒண்ணு!”

உடைந்த கண்ணாடியோடு கார் தாலுக்கா ஆபீசுக்குப் போகவில்லை. கோதண்டபாணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். தூரத்தில், ஏட்டின் சைக்கிள் போன திசையில் நாலைந்து பேர் வரப்பில் ஏறி ஓடுவது தெரிந்தது.

ஜெக்கரியா கிளம்பவில்லை. ரப்பரை நெம்பி, உடைந்த புதுக் கண்ணாடியை இறக்கிப் பழையதன் பக்கத்தில் சாத்தினார். பையிலிருந்து அரத்தை எடுத்து, அந்த மூலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். இனி மாட்ட ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். கை கேட்கவில்லை.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு நிமிஷத்தில் மேடு போய்விட்டது.