தியாகி நிழற்குடை

என் புருஷன் அருள்முருகன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தியாகி ஆனான். அன்று காலை வரைக்கும் அவன் பொறுக்கி.

லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன், அங்கே ஒரு சந்தையில் டீ குடிக்க இறங்கியிருக்கிறான். எவனோ ஒரு பையில் குண்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கடையில் நின்றவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். வாழ்நாள் முழுக்க வேறு கடை வாசலிலேயே கிடந்தவனுக்கு, டீக்கடைக்குப் போன அன்று பார்த்து இப்படி ஆனது.

பெட்டி வந்து இறங்குவதற்குள் பாகூர் ரோடு முழுக்க பேனர் கட்டிவிட்டார்கள். அதில் அவன் முகம் ஸ்டாம்பு அளவு, ஊர்ப் பெரிய மனிதர் சுப்பராயலுவின் முகம் கதவு அளவு. கீழே 'மாவீரனே' என்று போட்டிருந்தது. தெரு நாயைக் கண்டால் இந்த மாவீரன் என்னை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருவான்.

நான் அழுதேனா என்றால், அழுதேன். நிஜமாகவே அழுதேன், அதுதான் எரிச்சல். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு நான் விதவிதமாகச் சாவு யோசித்து வைத்திருந்தேன். ஏரியில் வழுக்கி விழுவான், கரும்பு டிராக்டர் ஏறும், ஈரல் வெந்து போகும். ஆனால் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று போலீஸ்காரர் சொன்னபோது, இவனைச் சாகடிக்க அந்த எடுபட்ட பயல் யார் என்று ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். என் புருஷன் வந்து, கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடு என்றான். மாட்டேன் என்றேன். தலைமுடியைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டு மிதித்தான். இடது கை ஒடிந்தது. பஸ் ஸ்டாப் நிறைய ஜனம். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். சந்தைக்குக் கீரைக்கூடையோடு நின்றிருந்த என் மாமியார் கனகாம்பாளும் அதே பஸ்ஸில்தான் ஏறினாள்.

கேஸ் கொடுத்தேன். சுப்பராயலு வீட்டுக்கு வந்து, "குடும்பம்னா அப்டி இப்டிதாம்மா இருக்கும், வாபஸ் வாங்கிக்கோ" என்றார். வாங்கவில்லை. வாய்தா வாய்தாவாக இழுத்து, ஒருவழியாக அடுத்த மாசம் தீர்ப்பு என்று வந்து நின்றது. அவன் ஜெயிலுக்குப் போவான் என்று நான் கனவு காணவில்லை. அவனை நிற்க வைத்து, நான் இல்லாத வேறு ஒரு மனுஷப் பிறவி, "நீ செய்தது தப்பு" என்று அவன் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் வக்கீல் போன் பண்ணினார்.

"அக்யூஸ்ட் செத்துட்டா கேஸு அதோட முடிஞ்சிதும்மா."

"அப்ப தீர்ப்பு சார்?"

"யாருக்கும்மா சொல்றது?"

குண்டு வைத்தவன் என் புருஷனைக் கொன்றதோடு நிற்காமல், என் குற்றவாளியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பாவி, என் சார்பில் பழி வாங்கியிருக்கிறான் என்று நினைத்து மனசைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை. அந்தக் கடையில் பன் வாங்க வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் செத்திருந்தாள். அவளும் இவனும் அவனுக்கு ஒன்றுதான். யார் என்ன செய்தார்கள் என்று கேட்காமல் கொல்கிறவனுக்கும் நியாயத்துக்கும் என்ன சம்பந்தம்? அவனைப் பிடித்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அவனுக்காவது ஒரு தீர்ப்பு வரும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து சுப்பராயலு மறுபடி வந்தார்.

"நம்ம பஸ் ஸ்டாப்புல புதுசா கட்டியிருக்கோம் இல்ல, அதுக்கு 'தியாகி அருள்முருகன் நினைவு நிழற்குடை'ன்னு பேரு வெக்கறோம். நீதான் தெறக்கணும்."

"அந்த பஸ் ஸ்டாப்புக்கா மாமா?"

"அவன் நின்ன எடம், நடந்த எடம்மா."

"என்னிய மிதிச்ச எடம்."

"செத்தவன பத்தி இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்? மேடையில ஏறி 'தூக்குல போடுங்க'ன்னு ரெண்டு வார்த்த சொல்லு, போதும்."

உள்ளேயிருந்து கனகாம்பாள் அழுதாள். "எம்புள்ள பேரு ஒரு எடத்துல இருக்கட்டும்டி."

பெற்றவள். அவளிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் தினமும் காலையில் அந்தப் பெயருக்குக் கீழே நின்றுதான் நான் வேன் ஏற வேண்டும். என்னால் முடியாது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமலே ஞாயிற்றுக்கிழமை போய் மேடையில் உட்கார்ந்தேன்.

பெயர்ப்பலகைக்குத் திரை போட்டு, கயிற்றை என் கையில் கொடுத்திருந்தார்கள். சுப்பராயலு மைக்கைப் பிடித்தார்.

"குண்டு வெச்சவன் மட்டும் இல்ல, அத பாத்துக்கினு சும்மா நின்னான் பாருங்க, அவனும் பயங்கரவாதிதான்! அவனயும் சேத்து தூக்குல போடணும்!"

விசில் பறந்தது. மைக் என்னிடம் வந்தது. ஒடிந்து ஒட்டிய இடது கையால் வாங்கினேன்.

"மாமா சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றேன். "பாத்துக்கினு சும்மா நின்னவங்களும் குத்தவாளிதான்."

கைதட்டினார்கள்.

"இதே எடத்துல எங்கூட்டுக்காரரு என் கைய ஒடச்சாரு. அன்னிக்கி இங்க நின்னவங்க கொஞ்சம் கைய தூக்குங்க. தூக்குல எல்லாம் போட மாட்டேன். ஒரு தடவ பாத்துட்டு எறக்க சொல்லிடுவேன். அப்புறம் திரைய இழுக்கறேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. சிலர் போனை எடுத்துப் பார்த்தார்கள். ஒருத்தன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். சுப்பராயலு மைக் செட்டுக்காரரைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். அவர் சைகை புரியாதவர்போல் நின்றார்.

முதல் வரிசையில், தியாகியின் தாயாருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் ஒரு கை எழுந்தது.

"நான் இருந்தேன்டி" என்றாள் கனகாம்பாள். "பஸ் ஏறி பூட்டேன். எம்புள்ள செஞ்சது தப்புடி. தப்புதான்."

நான் கயிற்றை விட்டேன். திரை அப்படியே தொங்கியது. கனகாம்பாள் கையைத் தூக்கியபடியே அழுதுகொண்டிருந்தாள். இறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.