நாயிஃப் கட்டிய சுவர்

எனக்கும் என் தம்பி நாயிஃபுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. வாதுமை மரம் யாருக்கு என்று சண்டை வந்தபோது அப்பாவின் தோட்டத்தை இரண்டாக வெட்டி அவன் கட்டியது. அவன் லாரி ஓட்டுகிறவன். நூல் பிடிக்காமல் சிமெண்டுக் கல்லை அடுக்கிக்கொண்டே போனான். சுவர் கழுதை நடந்த தடம் மாதிரி வளைந்து போயிற்று. காலமெல்லாம் ஊரார் வீட்டுக்குச் சுவர் வைத்த எனக்கு அதைப் பார்த்தாலே கை பரபரக்கும். ஆனால் எங்களுக்குள் பேச்சு இல்லை.

என் மனைவி பதீஆ இறந்துபோன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நாயிஃப் இருமுவான், சிகரெட் இருமல். அதைக் கேட்ட பிறகுதான் விளக்கைப் போடுவேன். அவனும் தனியாள் மாதிரிதான். அவன் மனைவி கிதாம் எங்களைப் போலப் பாலஸ்தீனக்காரிதான், ஆனால் இஸ்ரேலுக்குள் இருக்கிற ஊர்க்காரி. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் இஸ்ரேல் தருகிற நீல அடையாள அட்டை, அவனுக்கு இந்தப் பக்கத்துப் பச்சை அட்டை. அவர்கள் இங்கே வந்து குடியிருந்தால் நீல அட்டை பறிபோகும். அங்கே போய்க் குடியிருக்க அவனை விடமாட்டார்கள். அனுமதிச் சீட்டு கிடைத்தால் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

இரண்டு தரப்புக்கும் நடுவே எல்லை பேசி முடிவாகிறது என்று வானொலியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை நிஜமாகவே ஆள் வந்தது. எங்கள் தரப்புக்கு இன்ஜினியர் ரிஷாத். அவர்கள் தரப்புக்கு ஓர்னா என்று தொப்பி போட்ட ஓர் அம்மாள், அரபி நன்றாகப் பேசினார்.

"இந்தச் சரிவுல கோடு போக ரெண்டு வழிதான் இருக்கு, பெரியவரே," என்றார் ரிஷாத். "கீழ ஓடையோட போனா ரெண்டு வீடும் நம்ம பக்கம். இல்லேன்னா இந்தச் சுவர். அப்ப உங்க தம்பி வீடு அவங்க பக்கம் போயிடும். சுவர் அந்தக் காலத்து எல்லைன்னு நீங்க ரெண்டு பேரும் சொன்னாதான் அது. நாளைக்கு வந்து கேக்கறோம்."

"இதுவா எல்லை? கண்ணை மூடிக்கிட்டுக் கட்டினானா, முதுகைத் திருப்பிக்கிட்டுக் கட்டினானான்னு முதல்ல அவனைக் கேளுங்க."

"இங்க இதுவரைக்கும் போட்ட கோட்டுல எது நேரா இருக்கு, ஹாஜி?" என்றார் ஓர்னா.

உள்ளதைச் சொன்னால் போதும், நாயிஃப் இங்கேயே இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் இருமல் கேட்கவில்லை. கதவு தட்டும் சத்தம்தான் கேட்டது. நாயிஃப் முகம் மழித்து, பெண் கேட்கப் போகிறவன் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். அடுப்பை மூட்டினேன். அவனையே பார்த்துக்கொண்டு காப்பியில் ஏலக்காயைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

காப்பியை வாங்கியவன் குடிக்காமல் தரையில் வைத்தான். ஒன்றைக் கேட்டு வந்தவன் அப்படித்தான் வைப்பான். தந்தேன் என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை தொடமாட்டான். சுவரை இடிக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறான், வேறென்ன! என் நாக்கு முந்திக்கொண்டது.

"குடிடா. நீ கேட்டது தந்தாச்சு."

ஒரே மடக்கில் குடித்தான். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணே, நாளைக்கு அவங்க கேட்டா, சுவர் அப்பா காலத்துதுன்னு சொல்லிடு."

அவன் காலி செய்த கப்பைப் பார்த்தேன்.

"அப்பா காலத்துல அங்க மரம்தானேடா இருந்துச்சு."

"தெரியும்."

"நீ வேற நாடாயிடுவ."

"நான் எங்க போறேன்? வீடு இருக்கற எடத்துலயே இருக்கும். கிதாம் வந்துடுவா, பிள்ளைங்க வந்துடும். சின்னவ வியாம் என்னை விருந்தாளிங்கறா, அண்ணே. போன தடவை எனக்கு நல்ல தட்டை எடுத்து வெச்சா."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்ட? கப்பைக் கீழ வெச்சதும் குடிடான்னுட்ட." சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. நடுவில் சுவர் இல்லாமல் அந்த இருமலைக் கேட்டு எத்தனை காலம்! "வேணாம்னா சொன்னதைத் திருப்பி வாங்கிக்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"குடிச்சதை எப்படிடா திருப்பி வாங்கறது? கப்பை நீட்டு."

மறுநாள் வந்தார்கள். நாயிஃப் தன் பக்கம் நின்று சொன்னான், நான் என் பக்கம் நின்று சொன்னேன். எங்கள் அப்பா கட்டிய சுவர். ரிஷாத் சிமெண்டுக் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே எழுதிக்கொண்டார். ஓர்னா சுவரைக் கையால் தடவினார்.

"உங்க அப்பா ரொம்ப மோசமான கொத்தனார், ஹாஜி."

"ஆமா தாயி. அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும்."

எல்லைக்கல் நடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். வளைவுக்கு வளைவு ஒரு கல். அந்த முனையில் நாயிஃப் நூலைப் பிடித்தான், இந்த முனையில் நான்.

"இழுத்துப் பிடிடா."

"பிடிச்சுத்தான் இருக்கேன், விட்டுடாத."

பிறகு சுவர் மேல் கம்பிவலை ஏறியது. அவன் வாசலுக்குப் போக இப்போது மலையைச் சுற்றி, புது எல்லை வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கி நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவை போனேன். வியாம் எனக்கு நல்ல தட்டை எடுத்து வைத்தாள்.

சாயங்காலமானால் அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துகிறார்கள், கிதாம் அதட்டுகிறாள், பாத்திரம் உருள்கிறது. நாயிஃப் இருமுகிறானோ என்னவோ, அந்தச் சத்தத்தில் கேட்பதில்லை. விளக்கை எப்போது போடுவது என்று தெரியாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.