உடனே பதில் சொல்லும் சித்தி

புதிதாகத் திறந்த அந்தச் சமூக வலைத்தளத்துக்குப் 'பக்கத்து வீடு' என்று பெயர். சண்டை கிடையாது, விளம்பரம் கிடையாது, அக்கம்பக்கத்து மனிதர்கள் மட்டும்தான் என்று தம்பட்டம் அடித்துத்தான் திறந்தார்கள். திறந்ததும் முந்திக்கொண்டு வந்தவர்களில் மனிதர்கள் குறைவு. வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் எண்ணெய்க்காரர், வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே லட்சாதிபதி ஆக வழி சொல்லுகிறவர், நடுக்கடலில் மாட்டிக்கொண்டு ஒரு பரிசுப் பெட்டியை யார் தலையிலாவது கட்டத் துடிக்கும் கப்பல் கேப்டன் என்று ஒரு பட்டாளமே பாயும் தலையணையுமாக வந்து இடம் பிடித்திருந்தது.

இவர்களை விரட்டுவதற்கென்று சம்பளம் கொடுத்து வைக்கப்பட்டவள் டியூப்லைட். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் பதில் சொல்லுவாள் என்பதால் முதலாளி வைத்த பெயர் அது. அலுவலகம் ஒரு பஞ்சர் கடையின் மாடியில் இருந்தது. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே மேசை நடுங்கும். மேசையோடு சேர்ந்து டியூப்லைட்டும் கொஞ்சம் நடுங்குவாள். தன் முடிவு எதிலும் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

அதனால்தான் மதிப்பெண் முறை என்ற ஒன்றை அவளே உட்கார்ந்து உருவாக்கினாள். முகம் தெரியும் படம் இருந்தால் மதிப்பெண் உண்டு. தன்னைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தால் இன்னும் உண்டு. கேட்ட கேள்விக்கு உடனே, மரியாதையாகப் பதில் சொன்னால் கைநிறைய அள்ளிக் கொடுக்கலாம். எல்லோருக்கும் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி அனுப்பினால் வெட்ட வேண்டியதுதான். இதில் மனசுக்கு வேலையே இல்லை, கூட்டினால் போதும். முதலாளி அசந்துபோனார். "டியூப்லைட் லேட்டா எரிஞ்சாலும் பளிச்சுனு எரியுதுப்பா" என்று அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த முறைப்படிதான், ஒரு திங்கட்கிழமை காலை, அவள் தன் சொந்தச் சித்தியை வெட்டினாள்.

சித்தி தையற்கடைக்காரி. அவள் வீட்டின் முன்னறைதான் கடை, பின்னறையில் டியூப்லைட் தங்கியிருந்தாள். அக்கா மகள் வேலை பார்க்கும் இடமாயிற்றே என்று, 'பக்கத்து வீடு' திறந்த அன்றே சித்தியும் அதில் சேர்ந்தாள். வாடிக்கையாளர்களையும் விடாப்பிடியாகச் சேர்த்துவிட்டாள். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டாள்: "என் பக்கத்துல வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. அது தப்பு, இது தப்புனு திருத்துவே. அந்த வேலையே வேணாம்." டியூப்லைட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

திங்கட்கிழமை வந்த புகாரில் இரண்டு பக்கங்கள் இருந்தன. இரண்டும் சித்தியின் கடை பெயரில். 'இன்னொருத்தி என்னைப் போல் நடிக்கிறாள், தயவுசெய்து நடவடிக்கை எடுங்கள்' என்று ஒரு பக்கம் மற்றதன்மேல் புகார் கொடுத்திருந்தது. புகார் கொடுத்த பக்கத்தில் சித்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி அழகாக எழுதியிருந்தாள். யார் என்ன கேட்டாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் 'வணக்கம் அன்பு வாடிக்கையாளரே' என்று பதில் பறந்தது. மற்றப் பக்கத்தில் படம் என்று ஒரு கட்டைவிரலும் தையல் மெஷினின் பாதிச் சக்கரமும்தான் இருந்தன. வேறு விவரம் ஒன்றும் இல்லை. வந்த கேள்விகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. பதில் வந்திருந்தால் அது எல்லோருக்கும் ஒரே பதில்: 'நாளைக்கு.'

சித்தியின் சிரித்த முகத்தைப் பார்த்ததும் டியூப்லைட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பரவாயில்லையே, சித்தி தேறிவிட்டாளே! அப்புறம்தான் சுருக்கென்றது. சொந்தக்காரி என்பதற்காகச் சலுகை காட்டுகிறோமோ? மறுபடி முதலிலிருந்து, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போல, இரண்டு பக்கத்துக்கும் மதிப்பெண் போட்டாள். சிரித்த சித்தி மதிப்பெண்ணில் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டாள். கட்டைவிரல் பாதாளத்தில் கிடந்தது. டியூப்லைட் நிம்மதியாகப் பொத்தானை அழுத்தினாள்.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே மெஷின் சத்தம் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது.

"ஏண்டி, உங்க ஆபீஸ்ல எந்தக் கழுதை இதை எழுதினது?" சித்தி போனை நீட்டினாள். திரையில் இருந்தது: 'நீங்கள் நீங்கள் இல்லை என்று முடிவு செய்யப்பட்டுள்ளது.'

அதை எழுதிய கழுதை இரண்டு முறை கண்ணைச் சிமிட்டியது.

"அந்தக் கட்டைவிரல்... நீங்களா சித்தி?"

"வேற யாரு விரல்? ஊசி குத்தின தழும்பு தெரியல? இத்தனை வருஷமா இந்தக் கையாலதானே உனக்குச் சோறு போடுறேன்?"

"அப்ப அந்தச் சிரிச்ச படம்?"

"நான் எப்பப் படத்துக்குச் சிரிச்சேன்? உன் பிறந்தநாளைக்கு நீ எடுத்துப் போட்டியே, அது ஒண்ணுதான். எவனோ அதை வெட்டி எடுத்து ஒட்டிக்கிட்டான். உங்க ஆபீஸ்காரங்க அவனை விட்டுட்டு என்னை வெளிய தள்ளிட்டாங்க. அவங்க மூளையை எங்க அடகு வெச்சாங்களோ!"

டியூப்லைட் தன் போனை எடுத்தாள். போலிச் சித்தியின் பக்கத்தை இப்போது பதறிப்போய்ப் பார்த்தாள். 'துணி அளவெடுக்க வேண்டாம், வீடு தேடி வரும், இன்றைக்கே முன்பணம் அனுப்புங்கள்' என்று வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் செய்தி போயிருந்தது. பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் நாளைக்கு யார் வாசலில் வந்து நிற்பார்கள்? நல்ல பெயர் ஒன்றைத்தான் சித்தி இத்தனை காலம் தைத்துத் தைத்துச் சேர்த்திருந்தாள். அதை ஒரே பொத்தானில் கிழித்துவிட்டோமே!

அழுத்தியது தான்தான் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சித்தி, "முகத்தை ஏன் அப்படி வெச்சிருக்கே? நீயா பண்ணினே?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆமா சித்தி."

மெஷின் நின்றது. சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, போய்ச் சாப்பிடு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றாள். முதலாளிக்கு அவளைவிட நாலு வயதுதான் கூடுதல், ஆனால் சுழலும் நாற்காலி இருந்தது.

"அந்தத் தையல்காரம்மா பக்கத்தையா மூடச் சொல்றே? விளையாடுறியா? அவங்கதான் நம்ம இந்த வாரத்து 'நல்ல பக்கத்து வீட்டுக்காரர்'. கேட்ட நிமிஷத்துல பதில் சொல்ற ஒரே மனுஷி. நாளைக்கு முதலீட்டாளர்கள் வர்றாங்க, அவங்க பக்கத்தைத்தான் காட்டப்போறேன்."

"அது எங்க சித்தி இல்ல சார். இந்தக் கட்டைவிரல்தான் எங்க சித்தி."

"உன் மதிப்பெண் முறை வேற சொல்லுதே?"

"அந்த முறை தப்பு சார்."

"அப்ப நிரூபி. விதி இருக்கில்ல? 'இவரை எனக்குத் தெரியும்'னு பக்கத்து வீட்டுக்காரங்க மூணு பேர் அழுத்தட்டும்."

சாட்சி தேடி வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். முதலில், பணம் ஏதும் அனுப்பினீர்களா என்று பயந்து பயந்து கேட்டாள். வங்கியில் காசாளராக இருந்த அம்மாள் சிரித்தே விட்டார்.

"முன்பணமா? உங்க சித்தி செத்தாலும் முன்பணம் வாங்க மாட்டாங்களேம்மா. வாங்கிட்டா தைக்கணுமே!"

பல் டாக்டர் இன்னும் தெளிவாக இருந்தார். "என் பேன்ட் எப்பக் கிடைக்கும்னு கேட்டேன். 'தயாராக உள்ளது ஐயா'ன்னு உடனே பதில் வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது வேற யாரோன்னு."

ஒருவர்கூட ஏமாறவில்லை. டியூப்லைட்டுக்கு உயிர் வந்தது. "அப்ப எங்க சித்தியை எனக்குத் தெரியும்னு ஒரு தடவை அழுத்திடுங்களேன், டாக்டர்" என்று கெஞ்சினாள்.

"அழுத்தலாமே. பேன்ட் கைக்கு வரட்டும், அழுத்துறேன்."

காசாளர் அம்மாளும் தன் சட்டைக்கு அதே நிபந்தனையைத்தான் வைத்தார். இந்த மாதிரி ஒரு பிடி திரும்பக் கிடைக்குமா என்று எல்லோரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சித்தியிடம் சொன்னதற்கு, "மிரட்டுறாங்களா? அப்ப இன்னும் ஒரு வாரம் கழிச்சுத் தர்றேன்" என்றாள். நிரூபணம் அந்த இடத்தில் படுத்துவிட்டது.

முதலீட்டாளர்கள் வரும் நாள் விடிந்தது. காலையிலேயே முதலாளி சித்தியின் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே துணி கேட்டு வந்த காசாளர் அம்மாளும் பல் டாக்டரும் பெஞ்சில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டியூப்லைட், முதலாளியைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்தாள்.

"வணக்கம்மா. கோட்டு வாங்க வந்தேன்" என்றார் முதலாளி, உரிமையோடு.

சித்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "எந்தக் கோட்டு?"

"என்னம்மா இப்படிக் கேட்கிறீங்க? நேத்து ராத்திரி ரெடினு சொன்னீங்களே. முன்பணம் மொத்தத்தையும் அனுப்பினேனே!"

பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இந்தக் கடையில ரெடிங்கிற சொல்லை நாங்க யாரும் காதால கேட்டதே இல்லையே" என்றார்.

"உங்க அளவை நான் எப்பத் தம்பி எடுத்தேன்?" என்றாள் சித்தி.

"அளவு வேணாம், படத்தைப் பார்த்தே தைச்சுடுவேன்னு..."

"படத்தைப் பார்த்தா?" சித்தி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "ஒரு தோள் ஏத்தம், ஒரு தோள் இறக்கம். உங்களை நிக்க வெச்சு அளவெடுத்தாலே தைக்கிறது கஷ்டம்."

முதலாளியின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. தன் தளத்தில் சிக்கிய ஒரே மீன் தான்தான் என்பது அவருக்குப் புரிய, டியூப்லைட்டைவிடக் கொஞ்சம் அதிக நேரம்தான் பிடித்தது. கதவுக்குப் பின்னால் பார்த்து, "அந்தப் பக்கத்தை மூடு. உங்க சித்தியைத் திற" என்றார். இறங்கிப் போகும்போது திரும்பி, "அவசரமா ஒரு கோட்டு கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

"நாளைக்கு" என்றாள் சித்தி.

ஆக, சித்தியின் பெயர் பிழைத்தது. பிழைத்ததற்குக் காரணம், சொன்ன நாளில் அவள் எதையும் தைத்துக் கொடுக்காததுதான் என்பதை மட்டும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலாளி சூடு கண்டவர் ஆயிற்றே, அன்றைக்கே மதிப்பெண் முறையைத் தலைகீழாகத் திருப்பினார். உடனே பதில் சொல்லுகிறவன் போலி. மரியாதையாகப் பேசுகிறவன் போலி. சிரிக்கிற படம் போட்டவன் கட்டாயம் போலி. இனி இதை மனிதர்கள் பார்க்க வேண்டாம், இயந்திரமே பார்த்து வெட்டட்டும் என்று பொத்தானைத் தட்டிவிட்டு, பழைய சட்டையோடு முதலீட்டாளர்களைச் சந்திக்கக் கிளம்பினார். போனையும் அணைத்துவிட்டார்.

இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்தது. எண்ணெய்க்காரரும் கேப்டனும் லட்சாதிபதியும் மதியத்துக்குள் வெளியேறினார்கள். அவர்களோடு, ஊரில் தன்மையாகப் பேசிய நல்லவர்கள் அத்தனை பேரும் வெளியேறினார்கள். தாமதமாகப் பதில் சொல்லுகிறவர்கள், எரிந்து விழுகிறவர்கள், பதிலே சொல்லாதவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். 'பக்கத்து வீடு' முதல் முறையாக அசல் அக்கம்பக்கம் போலவே ஆயிற்று.

இந்தக் கூத்தை நிறுத்தலாம் என்று டியூப்லைட் தன் கணினியைத் திறந்தாள். வந்த புகார்களுக்கெல்லாம் உடனுக்குடன், பணிவாக, 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எழுதிவந்த கணக்கு அவளுடையது. திரையில், அவளே எழுதிய வரி அவளைப் பார்த்தது: 'நீங்கள் நீங்கள் இல்லை என்று முடிவு செய்யப்பட்டுள்ளது.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒருவேளை சரியாகத்தான் இருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவளுக்கும் சாட்சிகள் வேண்டும். காசாளர் அம்மாள், லாபநட்டம் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று அழுத்தினார். பல் டாக்டரும் அழுத்தினார். மூன்றாவது ஆள்தான் பாக்கி. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"சித்தி, ஒரே ஒரு தடவை அழுத்துங்க. 'இவரை எனக்குத் தெரியும்'னு. இப்பவே அழுத்தினாத்தான் என் வேலை தப்பும்."

சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். டாக்டரின் பேன்ட் மெஷினில் பாதியில் நின்றது. அக்கா மகளை, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போல ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன்னைத் தெரியும்னு சொல்றதுக்கு எனக்கு என்னடி கஷ்டம்" என்றாள், மெஷினை மிதித்தபடியே. "நாளைக்குப் பார்க்கலாம்."